மாட்டுத் தரகர் பார்த்துக் கொடுத்த எஞ்சின் சைக்கிள்

சாமிக்கண்ணு முதலில் அதன் பின்பக்கமாகப் போய் நின்றான். பிறகு குனிந்து, அது நின்றிருந்த இடத்து மண்ணைப் பார்த்தான். காசளவு எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. அதை விரலால் தொட்டு மோந்துவிட்டு, "கழிச்சல் இல்ல" என்றான்.

சித்திரை மாதம். காலை எட்டு மணி இருக்கும். பாபநாசத்தை அடுத்த ஓர் ஊரில், காதர் பாய் வீட்டு வாசல். வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. அந்தப் பூவின் கசந்த வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்ததை அன்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். வேறு எங்கும் அந்தக் கலவையை நான் முகர்ந்ததில்லை.

சாமிக்கண்ணு மாட்டுத் தரகன். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாங்கள் வாங்க வந்திருந்ததோ எஞ்சின் வைத்த பழைய சைக்கிள்.

இதற்கு மாட்டுத் தரகரை எதற்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. சுற்றுவட்டாரத்தில் அந்த மாதிரி வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒருவரும் இல்லை. எனக்கு மாடும் தெரியாது, எஞ்சினும் தெரியாது. அவனுக்கு ஒன்றாவது தெரியும்.

மூன்று மா நிலம்

எனக்கு வண்டி எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது தாலுகா ஆபீசில் குத்தகைப் பதிவு வேலை எனக்கு. ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நிலத்தை உண்மையில் சாகுபடி செய்கிறவரின் பெயரைக் குத்தகைதாரர் என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. பெயர் ஏறிவிட்டால் நிலத்துக்காரர் நினைத்த நாளில் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் எல்லாம் வாய்வார்த்தைதான். ஊர் முகப்புகளில் கறுப்பு சிவப்புக் கொடி ஒன்று நிற்கும். பத்தடி தள்ளிச் செங்கொடி ஒன்று நிற்கும். இரண்டுக்கும் நடுவே குடையும் பையுமாக நான் போவேன்.

வயலை நேரில் பார்த்து, யார் சாகுபடி என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. விசாரித்து உத்தரவு போடுவது அதிகாரியின் வேலை.

நல்லமடையில் அஞ்சலை என்று ஒருவர். என் வயதுதான் இருக்கும். அவர் கணவர் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்குச் செய்துவந்தார். மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அஞ்சலையே சாகுபடி செய்தார். நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். அவருக்காக ஊரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஏஜெண்டு வைத்திலிங்கம். 'ஆள் இறந்ததும் நிலம் பண்ணைக்கே திரும்பிவிட்டது, இப்போது பண்ணைச் சாகுபடி' என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

மாசியில் ஒரு முறை போனேன், பங்குனியில் ஒரு முறை போனேன். ஒன்பதே கால் பஸ் என்னை ஆற்றுப்பாலத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் நடை. நான் இறங்கியதைப் பாலத்து டீக்கடையிலிருந்து ஒருவர் சைக்கிளில் போய்ச் சொல்லிவிடுவார். நான் போய்ச் சேரும்போது அஞ்சலையின் வயலில் பண்ணை ஏர் நாலு கோடை உழவு ஓட்டிக்கொண்டிருக்கும். ஏஜெண்டு வரப்பில் நிற்பார். அஞ்சலை இருக்கமாட்டார்.

இரண்டாம் முறை திரும்பி வரும்போது அவரே வழியில் வந்து நின்றார்.

"எங்கம்மா போயிருந்தீங்க?"

"பண்ணை மாட்டுக்கொட்டாயில உக்கார வச்சிருந்தாங்க சார். நீங்க கெளம்பினதும் விட்டாங்க."

"ரெண்டு தடவை ஆச்சு. மூணாவது தடவையும் இப்படியே இருந்தா, நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும்."

"பஸ்ஸுல வந்தா இதைத்தான் பாப்பீங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எந்த பஸ் எந்த ஊருக்குப் போகும் என்று வழி சொல்வதுபோலச் சொன்னார். அன்று மாலையே எனக்கு ஒரு வண்டி வேண்டும் என்று முடிவு செய்தேன். சொல்லாமல், எந்த நேரத்திலும், எந்தப் பாதையிலும் போக ஒரு வண்டி. மிதிசைக்கிளில் ஒரு நாளைக்கு ஆறு ஊர் பார்க்க என் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை.

பல் பார்த்தது

காதர் பாய் அதைப் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்தார். பார்வைக்குக் கனமான பழைய சைக்கிள்தான். முன்சக்கரத்துக்கு மேலே தேங்காய் அளவில் ஓர் எஞ்சின். கொஞ்ச தூரம் மிதித்து, ஒரு லீவரைத் தள்ளினால் எஞ்சினின் உருளை இறங்கி டயரைத் தொடும். பிறகு உருளை சுற்றச் சுற்றச் சக்கரமும் சுற்றும். இவ்வளவுதான் அதன் ரகசியம். நான் அதை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பாய் மூன்று தரமும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நடக்க விடுங்க பாய்" என்றான் சாமிக்கண்ணு.

பாய் வண்டியைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினார். சாமிக்கண்ணு பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "இடது பக்கம் லேசா சாயுது. அது ஓட்டினவரு பழக்கம், வண்டிக் குத்தம் இல்ல" என்றான். பாயின் இடது தோள் உண்மையிலேயே கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது.

அடுத்து, பல்லைப் பார்க்க வேண்டும் என்றான். பாய் சங்கிலிச் சக்கரத்தைக் காட்டினார். சாமிக்கண்ணு உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகத் தடவினான்.

"எத்தனை?" என்று கேட்டேன். எழுதிக்கொள்ள வேண்டும் எனக்கு.

"நாப்பத்தாறு. இத்தனை பல்லு முளைச்சத நான் சந்தையில பார்த்ததில்ல. ஆனா தேயல. ரொம்ப வேலை வாங்காத உருப்படி."

பிற்பாடு தஞ்சாவூரில் ஒரு சைக்கிள் கடைக்காரர், பழைய சைக்கிளின் வயதைச் சங்கிலிச் சக்கரத்துப் பல்லில்தான் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். சாமிக்கண்ணுவிடம் போய் அதைச் சொன்னேன். "பின்னே கொம்பையா பாப்பாங்க" என்றான்.

நாங்கள் செய்த தவறு

பாய் வண்டியைக் கிளப்பினார். வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் மொத்தமும் எழுந்து போயின. உள்ளே ஒரு குழந்தை அழத் தொடங்கியது. திரைக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவி குரல் கொடுத்தார்.

"அத இன்னைக்கி விக்காட்டி நான் கெணத்துல தள்ளிருவேன். அப்புறம் நீங்க அரபு நாட்டுக்குப் போயி அதுக்கும் சேர்த்து சம்பாரிச்சுக்கங்க."

"வீட்ல இப்புடித்தான்" என்றார் பாய் எங்களிடம். "ஒரு விஷயம் சொல்லிர்றேன் சார். சைலன்சர்னு ஒரு கொழா இருக்கு. பாலத்து மேடு ஏறயில இழுவை கொறையிதுன்னு நான்தான் கழட்டி வச்சேன். வேணும்னா மாட்டித் தர்றேன்."

அதையும் பார்த்துவிடுவோம் என்றேன். மாட்டினார். சத்தம் பாதிக்குக் கீழே போயிற்று. சாமிக்கண்ணுவின் முகம் சுருங்கியது.

"இது என்ன, சளி புடிச்ச கெடா மாதிரி. மொதல்ல எப்படி இருந்துச்சு. உறுமல் கேட்டாலே உழைப்பு தெரியும். மூக்கை அடைக்கிற சாமானை எதுக்கு மாட்டணும்?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. சத்தம் அதிகமென்றால் பலம் அதிகம். குறை சொல்லும்படியாக அதில் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. குழாயைக் கழற்றிவிடச் சொன்னோம். "உங்க இஷ்டம்" என்று பாய் அதைத் திண்டுக்குப் பின்னால் போட்டார்.

எதற்காக வண்டி வாங்க வந்தோம் என்பதை இருவரும் அந்த நிமிஷத்தில் மறந்துபோயிருந்தோம். இன்றுவரை எனக்கு அது ஆச்சரியம்தான்.

விலை துண்டுக்குள் முடிந்தது. மாட்டுச் சந்தை வழக்கம் அது. தரகரும் எதிராளியும் துண்டுக்கு அடியில் கை கோத்துக்கொள்வார்கள். எந்த விரலை எத்தனை தரம் அமுக்கினார்கள் என்பது இருவருக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் முழங்கையைச் சேர்த்துப் பிடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு எந்தச் சாமி வந்து சொன்னாலும் மாற்ற முடியாது. பாயின் தகப்பனார் தோல் வியாபாரி. துண்டைப் பார்த்ததும் பாய் குஷியாகிவிட்டார். "எத்தனை வருஷமாச்சு இதுல கைய விட்டு" என்றார். என்ன விலை என்று இங்கே எழுதப்போவதில்லை.

புறப்படும்போது, பெட்ரோலில் எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்று சொல்லி அளவையும் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

"நல்லெண்ணெயா, வெளக்கெண்ணெயா?" என்றான் சாமிக்கண்ணு.

ஆற்றைத் தாண்டிய சத்தம்

மூன்று மாதம் ஓட்டிப் பழகினேன். இரண்டு முறை வாய்க்காலில் இறங்கினேன். ஒரு முறை எண்ணெய் கலக்காமல் ஊற்றி நடுவழியில் எஞ்சின் இறுகி நின்று, ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு கிளப்பினேன். இவையெல்லாம் நாட்குறிப்பில் தனிப் பக்கத்தில் இருக்கின்றன.

ஆடியில் நல்லமடைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பஸ் பாதையை விட்டு, மேற்கே சுற்றி ஆற்றங்கரையோடு போனேன். குறுவை நின்ற வயல்களில் கொக்குகள் எனக்கு அரை மைல் முன்னாலேயே எழும்பிப் பறந்தன. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே போனேன். கொக்கு ஏன் பறக்கிறது என்று யோசிக்கவில்லை.

அஞ்சலையின் வயலில் பண்ணை ஆட்கள் பத்துப் பேர் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்டு வரப்பில் நின்றார்.

"வாங்க சார். நீங்க ஆத்தைத் தாண்டையிலயே கேட்டுச்சு. டீ சொல்லிட்டேன், ஆறிடப்போவுது."

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. வரப்பில் கால் வைக்காதவரை அது மூன்றாவது பார்வை ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு ஊருக்குப் போகிற வழி என்று சொல்லித் திரும்பினேன். வண்டியைத் திருப்புகையில் மாட்டுக்கொட்டாய்க் கதவு சாத்தியிருந்ததைப் பார்த்தேன்.

மறுநாளே காதர் பாய் வீட்டுக்குப் போய் அந்தக் குழாயைக் கேட்டேன். அவர் விமானம் ஏறிப் பத்து நாளாகியிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி சொன்னார்: "அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டேனே சார். பழம் நல்லாத்தான் இருந்துச்சு."

கிழக்கே போன வண்டி

புரட்டாசியில் ஒரு நாள் சாமிக்கண்ணு நேராக ஆபீசுக்கே வந்தான். நல்லமடையில் ஒரு ஜோடி மாடு பார்க்கப் போயிருந்தானாம்.

"அந்தப் பொம்பள உனக்கு ஒரு சேதி சொல்லிச்சு ரைட்டரு" என்றான். ஆபீசில் எழுதுகிறவன் என்பதால் அவனுக்கு நான் ரைட்டரு.

"என்ன?"

"அந்தச் சத்தத்த ஒரு நாளைக்கிக் கெழக்கால அனுப்பச் சொல்லுச்சு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் பயம் வந்தது. அது ஏமாற்று வேலை அல்லவா என்றேன்.

"வண்டி உன்னுது. நான் ஓட்டுறேன். பொதுச் சாலை. இதுல ஏமாத்து எங்க இருக்கு? நீ பாட்டுக்கு நடந்து போற. நடக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கா?"

இல்லை. வயலைப் பார்வையிட முன்னறிவிப்பு தேவையில்லை என்பதை அதிகாரியிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை என் வெள்ளைச் சட்டையையும் குடையையும் சாமிக்கண்ணுவுக்குக் கொடுத்தேன். கேரியரில் பழைய பை ஒன்றைக் கட்டினேன். பதிவேட்டை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு, மேற்கே வாய்க்கால் கரையில் நடந்தேன். மழை பெய்து விட்டிருந்தது. கரை வழுக்கியது. பாதி தூரத்தில் கிழக்கிலிருந்து என் வண்டியின் சத்தம் கேட்டது. தூரத்திலிருந்து அதைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. இவ்வளவு சத்தமா என்று வெட்கமாக இருந்தது.

ஊரில் ஆட்கள் கிழக்கே ஓடுவது தெரிந்தது. அந்தப் பக்கம் கோயில் நிலங்கள் இருந்தன. இன்றைக்கு அங்கே பார்வை என்று நினைத்திருப்பார்கள்.

அஞ்சலை முழங்கால் சேற்றில் நாற்றுமுடி பிரித்துக்கொண்டிருந்தார். கூட நாலு பெண்கள். நடவு கால்வாசி முடிந்திருந்தது. நான் வயலுக்குள் இறங்கினேன். வரப்பிலிருந்து எழுதினாலே போதும். ஆனால் இந்த வயலை இரண்டு முறை வரப்பிலிருந்து பார்த்தாயிற்று.

"நாற்று யாருது?"

"என்னுது. அந்தா, மூலையில விட்டது."

"தண்ணி எந்த மடையில?"

"வடக்கு மடை. அடைச்சாலும் கசியும். களிமண்ணு வச்சிருக்கேன்."

நாலு எல்லைகளையும் சொன்னார். நான் எழுதினேன். தூரத்தில் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. அது கேட்கும்வரை எங்களுக்கு நேரம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். பெண்கள் நடவை நிறுத்தவில்லை.

சட்டென்று சத்தம் நின்றது.

எனக்குக் கடைசி இரண்டு கட்டங்கள் மீதி இருந்தன.

"சார், அவரு பேரா எழுதுறீங்க? அவரு இல்லியே" என்றார் அஞ்சலை.

"உங்க பேருதாம்மா. கணவர் பேரு பக்கத்துல வரும்."

"அப்ப படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். பக்கத்து வயல்காரரும் கூட இருந்த இரண்டு பெண்களும் சாட்சிக் கைநாட்டு வைத்தார்கள். மணி பத்தே முக்கால். அதையும் எழுதினேன்.

அரசமரத்தடி

சாமிக்கண்ணுவைத் தேடிக் கிழக்கே போனேன். வழியில் வண்டிச் சத்தம் மறுபடி கொஞ்ச நேரம் கேட்டு நின்றது. அவனை அடித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

அரசமரத்தடியில் கூட்டம். நடுவில் வண்டி. வண்டியின் மேல் ஏஜெண்டு வைத்திலிங்கம் உட்கார்ந்திருந்தார். சாமிக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தான்.

என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னான். "புடிச்சுட்டாங்க. சார் எங்கன்னு கேட்டாங்க. வரல, வண்டிய வித்துக் குடுக்கச் சொன்னாருன்னேன். வாய்க்கு வந்தது. அப்புறம் அவரு ஒரு சுத்து ஓட்டிப் பார்த்தாரு. அப்புறம் வெலை கேட்டாரு."

"நீ?"

"வெலை கேட்டவன்கிட்ட வெலை சொல்லாம வந்தா நான் தரகனா? முழங்கையப் புடிச்சாச்சு ரைட்டரு. இனிமே மாத்த முடியாது."

"மணி என்ன இருக்கும் அப்போ?"

"நான் என்ன கடியாரமா? இப்பத்தான், நீ வர்றதுக்குச் சித்த முன்னாடி."

என் கைக்கடிகாரத்தில் பதினொன்றே கால்.

ஏஜெண்டு இறங்கி வந்தார். என் முழங்கால் சேற்றைப் பார்த்தார். உரச்சாக்கைப் பார்த்தார். திரும்பி வண்டியைப் பார்த்தார். எதைப் பற்றிக் கேட்பது என்று அவர் யோசிப்பது நன்றாகவே தெரிந்தது.

"பெட்ரோல்ல எண்ணெய் எவ்வளவு கலக்கணும் சார்?" என்றார்.

நீங்கள் விசாரணையில் ஒரு தரப்பு, உங்களுக்கு நான் விற்கக்கூடாது என்றேன். "மனு வேற, வண்டி வேற சார். துண்டுக்குள்ள முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்றார். கூட்டமும் அதையே சொன்னது. அந்த ஒரு விஷயத்தில் ஊரில் இரண்டு கட்சி இல்லை.

மாலையிலேயே அதிகாரியிடம் போய், சட்டை கொடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி எழுதியும் கொடுத்தேன். வேலை போனாலும் போகலாம் என்று நினைத்தேன். வேலையைவிட, அந்தப் பதிவு செல்லாமல் போய்விடுமோ என்பதுதான் அன்று என்னைத் தூங்கவிடவில்லை.

இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்து விசாரணை நடந்தது. ஏஜெண்டு வண்டியிலேயே வந்தார். அவர் வந்து நிற்பதற்குள் அதிகாரி ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

"அன்னைக்கி சார் வயலுக்கு வந்ததே எங்களுக்குத் தெரியாதுங்க" என்று ஆட்சேபம் சொன்னார் ஏஜெண்டு.

"தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

ஏஜெண்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, பதிவு முந்தியா விற்பனை முந்தியா என்று மட்டும் கேட்டார். இரண்டு நேரங்களையும் சொன்னேன்; பதிவுதான் முந்தி. அஞ்சலையின் பெயர் ஏறியது. எனக்கு ஓர் எழுத்துமூல எச்சரிக்கை கிடைத்தது. அது நியாயம்தான்.

தை

தை அறுப்பின்போது வேறொரு வேலையாக நல்லமடைக்குப் போனேன், பஸ்ஸில். அஞ்சலையின் களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் தூசி காற்றில் நின்றது.

நெல் குவிகிற நேரத்தில் திடீரென்று வந்து நின்றால்தான் ஏஜெண்டு கேட்கிற பங்கு அவருக்குக் கிடைக்கும். முன்னதாகத் தெரிந்துவிட்டால் சாட்சிக்கு நாலு பேர் வந்துவிடுவார்கள். குறுக்கே பேச்சு வரும், ரசீது கேட்பார்கள். அவர் வண்டி வாங்கிய நாளிலிருந்து முன்னதாகத் தெரியாத நாளே இல்லை என்றார்கள். சத்தம் பாலத்தில் கேட்கும்போதே ஆட்கள் களத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்களாம்.

அன்று சத்தம் கேட்கவில்லை. ஆனால் ஒரு பெண் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அந்தா" என்றாள்.

ஆற்றங்கரையில் வெள்ளைச் சட்டை ஒன்று மெதுவாக நகர்ந்து வந்தது. ஏஜெண்டு எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கரை மணலில் சக்கரம் புதைந்தது. நின்று மூச்சு வாங்கினார், மறுபடி தள்ளினார்.

"சார், அது எவ்வளவு கனம் இருக்கும்?" என்று கேட்டார் அஞ்சலை.

"முப்பது கிலோவுக்குக் குறையாது."

அவர் கரையை ஒரு முறை கண்ணால் அளந்தார். ஒருத்தியைப் பார்த்து, போய் நாலு பேரை வரச்சொல் என்றார்.

"அவரு வந்துசேர இன்னும் அரைமணி ஆகும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கதிர்க்கட்டை எடுத்து ஓங்கி அடித்தார்.